இரும்புக்குச் செய்வதை ஃபைபருக்குச் செய்யாதீர்கள்: கார் பெயிண்ட் உரிவது ஏன்?

ஷா ஆலம் – ஆசையாக வாங்கிப் பூட்டிய ஃபைபர் கிளாஸ் பம்பர். பெயிண்ட் அடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு சின்னக் கல் பட்டதும், காசு அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து வந்துவிடும். கார் கழுவும் கடையில் தண்ணீரைப் பீய்ச்சினால் ஓரம் உரிந்து தொங்கும். உரிமையாளர் பெயிண்ட் மட்டம் என்பார், பட்டறைக்காரர் பொருள் மட்டம் என்பார். பல நேரங்களில் இரண்டுமே காரணமில்லை. பிரைமர் அடிப்பதற்கு முன்பு செய்திருக்க வேண்டிய வேலையில்தான் கோளாறு இருக்கும்.

ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்த சுங்கை ரெங்கம் வட்டாரத்தில் எழுந்த நகரம் ஷா ஆலம். 1978இல் அது சிலாங்கூரின் தலைநகரானது. 1985இல் முதல் புரோட்டோன் சாகா இங்குள்ள தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதன் உடல் இரும்புத் தகடு. ஷா ஆலம், கிள்ளான் வட்டாரப் பட்டறைகளில் தட்டி நிமிர்த்துவதும் பெயிண்ட் அடிப்பதும் இரும்புக் கார்களை வைத்தே பழகிய தொழில். அந்தப் பழக்கம் ஃபைபரில் எடுபடாது.

ஃபைபர் கிளாஸ் உடல் கார் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1953இல் வந்த செவ்ரோலெட் கார்வெட் அப்படிப்பட்டதுதான். 1996இல் புரோட்டோன் வாங்கிப் பல ஆண்டுகள் தன் வசம் வைத்திருந்த லோட்டஸ் நிறுவனமும் ஃபைபர் உடல் கார்களுக்குப் பேர்போனது. 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் வடிவத்தை ஃபைபரில் வார்த்து, அதில் பெரிய எஞ்சினைப் பொருத்தும் ‘ஹாட் ராட்’ மோகம் அமெரிக்காவில் இன்றும் உண்டு. நம் ஊரில் முழு ஹாட் ராட் அபூர்வம். சாகா, வீரா, மைவி கார்களுக்கு வாங்கும் பம்பர், ஸ்கர்ட், ஸ்பாய்லர், பானெட் ஆகியவைதான் அதிகம். சின்னத் துண்டானாலும் முழு உடலானாலும் அடிப்படை வேலை ஒன்றே.

முதலில் பொருளை அடையாளம் காண வேண்டும்

காரோடு தொழிற்சாலையிலிருந்து வரும் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் பின்பக்கம் ‘பிபி’ போன்ற எழுத்துகள் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். பிடித்தால் வளைந்து கொடுக்கும். அதற்குப் பெயிண்ட் ஒட்டுவதற்கென்றே தனித் திரவம் பூச வேண்டும். ஃபைபர் பம்பரின் பின்பக்கம் சொரசொரப்பாக, கண்ணாடி இழை வலை தெரியும். அதற்கு அந்தத் திரவம் தேவையில்லை. இரும்பைக் கடித்துப் பிடிக்கும் அமில வகை பிரைமரும் இதற்கு உதவாது. ஃபைபருக்கு ஏற்றது எபோக்சி பிரைமர்.

பொருத்திப் பார்த்த பிறகே பெயிண்ட்

கையால் வார்த்த ஃபைபர் துண்டு காரில் அப்படியே கச்சிதமாக உட்காராது. விளிம்பைச் சீவ வேண்டியிருக்கும், துளையை நகர்த்த வேண்டியிருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு இதைச் செய்தால் விளிம்பில் விரிசல் விழும். ஆகவே முதலில் காரில் முழுமையாகப் பூட்டி, இடைவெளிகளைச் சரிபார்த்து, துளைகளை எல்லாம் போட்டு முடிக்க வேண்டும்.

புதிதாக வார்த்த துண்டு என்றால் சில நாள் வெயில் காட்டுவது நல்லது. உள்ளே இருக்கும் பிசின் முழுதாக இறுகாமல் பெயிண்ட் அடித்தால், பிறகு கார் வெயிலில் நிற்கும்போது அது சுருங்கும். பளபளப்பான பெயிண்டின் அடியில் இழை வலை கோடு கோடாகத் தெரியும். அதிகச் சூடு ஏறும் கறுப்பு நிறத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். வெயிலில் வைக்கும்போது சுவரில் சாய்த்து வைத்தால் துண்டு கோணிக்கொள்ளும். காரில் பூட்டியபடியே வைப்பது பாதுகாப்பு.

தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும்

பெயிண்ட் உரிவதற்கு முக்கியக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல, வார்ப்பு அச்சில் துண்டு ஒட்டாமல் இருக்க மெழுகு தடவுவார்கள். சிலர் அதன்மேல் தண்ணீரில் கரையும் ஒரு படலத்தையும் பூசுவார்கள். அச்சிலிருந்து கழன்று வரும்போது இரண்டும் துண்டின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. அப்படியே மணல்தாளால் தேய்த்தால் மெழுகு போகாது. தேய்த்த கீறல்களுக்குள் புகுந்துவிடும். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் பிடிப்பு இருக்காது.

அதனால் முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். அடுத்து, மெழுகும் எண்ணெய்ப் பசையும் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். கையில் இரண்டு துணி தேவை. ஈரத் துணியால் திரவத்தைத் தடவி, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த மெழுகு திரும்பவும் அங்கேயே படியும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். முடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் சுத்தமாகிவிட்டது.

தேய்ப்பதிலும் அளவு உண்டு

ஃபைபரின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். 180 அல்லது 220 எண் மணல்தாளைக் கட்டையில் சுற்றி, பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். அளவுக்கு மீறித் தேய்த்தால் ஜெல்கோட் அறுந்து இழை வெளியே தெரியும். அந்த இடம் பிரைமரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைப் பிசின் பூசி அடைத்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

பழைய பெயிண்டை எடுக்க இரும்புக்குப் பயன்படுத்தும் பெயிண்ட் கரைப்பானை ஊற்றக் கூடாது. அது பெயிண்டோடு ஜெல்கோட்டையும் தின்றுவிடும். நேரம் பிடித்தாலும் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஊசித் துளை போன்ற சிறு ஓட்டைகளைக் கூர்முனையால் கிளறி அகலமாக்கி புட்டியால் அடைக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால், வெயில் சூட்டில் அது பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

விரிசலின் மேல் புட்டி தடவி மறைப்பது பலரும் செய்யும் தவறு. வண்டி குலுங்கும்போது அதே விரிசல் மீண்டும் வரும். விரிசலை ‘வி’ வடிவில் அடிவரை குடைந்து, பின்பக்கம் கண்ணாடி இழையும் பிசினும் வைத்துப் பலப்படுத்த வேண்டும். புட்டி கடைசி மட்டம் செய்வதற்கு மட்டுமே.

சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரை அள்ளிப் போடுவதும் கூடாது. 100 கிராம் புட்டிக்குச் சுமார் 2 கிராம் போதும். கூடினால் மிஞ்சிய ஹார்டனர் மேலே கசிந்து, வெள்ளைப் பெயிண்டில்கூட மஞ்சள் திட்டாகத் தெரியலாம்.

மழையும் பிரைமரும்

எபோக்சி பிரைமர் மேல்பரப்பை அடைத்துவிடும். அதன்மேல் தடிப்பான பிரைமரை இரண்டு மூன்று பூச்சு அடித்து, காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை மெல்லிய தூறலாகத் தெளிக்க வேண்டும். நீளக் கட்டையால் தேய்க்கும்போது மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கண்ணுக்குப் புலப்படாத குறை இப்படித்தான் வெளிப்படும். 320இல் தொடங்கி, வண்ணத்துக்கு முன் 400 முதல் 600 எண் வரை போகலாம். பிரைமர் மூடாத புட்டியை மட்டும் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. அது பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை வழக்கமானது. காற்றில் ஈரம் மிகுந்தால் பெயிண்ட் மங்கும். கம்ப்ரசர் தொட்டியிலும் தண்ணீர் சேரும். தினமும் அதை வடித்துவிட வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் வேலையை மறுநாளைக்குத் தள்ளுவதே இலாபம்.

நுரையீரலுக்கு மறுபூச்சு கிடையாது

உரிந்த பெயிண்டை மறுபடி அடிக்கலாம். பெயிண்ட் அடிப்பவரின் நுரையீரலை அப்படிச் சரிசெய்ய முடியாது. ஃபைபரைத் தேய்க்கும்போது பறக்கும் இழைத் தூள் தோலை அரிக்கும், மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். பிசினுக்குச் சேர்க்கும் ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் அதைத் தொடக் கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது ஐசோசயனேட். ஹார்டனர் கலந்து அடிக்கும் பல பெயிண்டுகளிலும் கிளியர் கோட்டிலும் இது இருக்கிறது. இதனால் தொழில்வழி ஆஸ்துமா வரும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். பலர் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கிறது. வாடை தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு மிஞ்சியிருக்கலாம். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இதைத் தடுக்கா. வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாய் வழியாக வரும் முகக்கவசமே இதற்குச் சரியான பாதுகாப்பு. வீட்டுப் போர்ட்டிகோவில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இந்த வகைப் பெயிண்டை அடிக்கவே கூடாது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டறையில் வேலை பழகச் சேரும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பெறலாம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி தொழிலாளரின் பாதுகாப்பு முதலாளியின் கடமை. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. பெர்கேசோவின் பாதுகாப்பு விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்க்கும் உண்டு. ஆகவே சந்தா கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். வேலை நாள்களில் இருமலும் நெஞ்சிறுக்கமும் வந்து, விடுமுறையில் குறைந்தால், மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கார் உரிமையாளருக்கும் ஒரு நினைவூட்டல். காரின் நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவிலும் மாற்ற வேண்டும். பட்டறையில் விலை பேசும்போது, பெயிண்ட் எந்த ரகம் என்று கேட்பதோடு, தேய்ப்பதற்கு முன் மெழுகை எப்படி எடுப்பீர்கள் என்றும் கேட்கலாம். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் காரைத் தைரியமாக விடலாம். அவர் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பது நல்லது.