குழாய்வழி ஆகாரமும் இருப்புப் பதிவேடும்

உணவை மென்று விழுங்குவது மிக எளிய செயலாகத் தோன்றினும், அதற்கு வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றின் தசைகளும், அவற்றை இயக்கும் நரம்புகளும் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்ய வேண்டும். பக்கவாதம், தலைக்காயம், தொண்டைப் புற்றுநோய் முதலியவற்றால் இவ்விசைவு கெடுமாயின், உணவு மூச்சுக்குழலில் நுழைந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கக் கூடும். ஆயினும், இத்தகைய நோயாளிகள் பலருக்கு இரைப்பையும் குடலும் பழுதின்றியே இருக்கின்றன. குழாய் ஒன்றின் மூலம் நேரே இரைப்பைக்கோ சிறுகுடலுக்கோ திரவ ஆகாரத்தைச் செலுத்தும் முறை இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது.

இம்முறை புதியதன்று. விழுங்கும் தசைகள் செயலிழந்த நோயாளி ஒருவருக்கு, விலாங்கு மீனின் தோலால் செய்த குழாய் வழியே ஆகாரம் ஊட்டியதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் அறுவை வைத்தியர் ஜான் ஹண்டர் விவரித்துள்ளார். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என வழங்கும் மூக்குக் குழாய், 1921-ஆம் ஆண்டில் அதனை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ரைலின் பெயரைத் தாங்கியது. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில், வயிற்றைப் பெரிதாகத் திறவாமல், உள்நோக்குக் கருவியின் துணைகொண்டு இரைப்பையில் நேரே குழாய் பொருத்தும் முறை கையாளப்பட்டது. பல வாரங்களுக்கு மேல் குழாய் தேவைப்படுவோருக்கு இன்று பெரும்பாலும் இம்முறையே பரிந்துரைக்கப்படுகிறது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஆகாரத்தையும் உபகரணங்களையும் பண்டகசாலை அளித்து வரும். நோயாளி வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ சென்றபின் அப்பொறுப்பு பயிற்சியற்றவர்கள் தலையில் விழுகிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 10 கோடிக்கும் அதிகமாயினர். ஆகவே, நீண்டகாலப் பராமரிப்பில் ஆகார விநியோகம் தடைப்படாது காப்பது கள ஊழியர் அறிய வேண்டிய கலையாகி விட்டது.

ஆகாரத்தின் அளவு

கடைகளில் கிடைக்கும் சாதாரணக் குழாய் ஆகாரம், கலக்கிய நிலையில் 1 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி தரும்படி அமைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோ ஒன்றுக்கு 25 முதல் 30 கலோரி வீதம், நாளொன்றுக்கு 1,250 முதல் 1,500 கலோரி வரை தேவைப்படலாம். 250 மில்லி லிட்டர் வீதம் 6 முறை ஊட்டினால் 1,500 கலோரி கிட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய அளவை மருத்துவரோ உணவியல் நிபுணரோ நிர்ணயிக்க வேண்டும். இவ்வகை ஆகாரங்கள் 2016-ஆம் ஆண்டில் வெளியான உணவுப் பாதுகாப்பு விதிகளில், சிறப்பு மருத்துவ நோக்கத்துக்கான உணவு என்னும் பிரிவில் அடங்கும். அவற்றை மருத்துவ ஆலோசனையின் பேரிலேயே உபயோகிக்க வேண்டும்.

விலை காரணமாகப் பல குடும்பங்கள் பால், பருப்பு, முட்டை, எண்ணெய் சேர்த்து அரைத்த கஞ்சியை ஊட்டுகின்றன. இதில் இரு சங்கடங்கள் உள. கஞ்சி கெட்டியானால் குழாய் அடைபடும். நீர் சேர்த்து இளக்கினால் சத்துக் குறையும். முளைகட்டிய கேழ்வரகு மாவைச் சூடான கஞ்சியில் சிறிதளவு கலந்தால், முளையில் உண்டாகும் நொதிப்பொருள் மாப்பொருளைச் சிதைத்துக் கஞ்சியை இளக்கி விடும். குழந்தை உணவுக்கென நம் நாட்டில் 1980-களில் விரிவாக ஆராயப்பட்ட இந்த உண்மை குழாய் ஆகாரத்துக்கும் பயன்படக் கூடியது. எனினும், எப்பொழுதும் நன்றாக வடிகட்டிய பின்னரே ஊட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பட்டினி

மாவு டப்பா தீரும் நிலையில் இருக்கும்பொழுது, அதை மேலும் சில நாட்களுக்கு நீட்டிக்கும் பொருட்டு ஒவ்வொரு கரண்டியிலும் சிறிது குறைப்பது சாதாரணமாகக் காணப்படும் வழக்கம். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 1,500 கலோரிக்குப் பதிலாக 1,200 கலோரியே கிடைக்கும். நாளொன்றுக்கு 300 வீதம் 30 நாட்களில் 9,000 கலோரி நஷ்டமாகிறது. ஊட்டும் திரவத்தின் அளவும் நேரமும் மாறாததால், பார்ப்பவர்களுக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. பேச இயலாத நோயாளியோ பசியைச் சொல்ல முடியாது. ஆகவே மாதந்தோறும் எடை பார்ப்பதும், எழுந்து நிற்க இயலாதோருக்கு மேற்கையின் நடுச்சுற்றளவை அளந்து எழுதுவதும் அவசியமாகும்.

ஆகாரம் முற்றிலும் நின்றுபோய், சில நாட்கள் கழித்துச் சரக்கு வந்துசேரும் சமயத்தில் மற்றோர் ஆபத்து உண்டு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென முழு ஆகாரத்தைச் செலுத்தினால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புகள் அபாயகரமாகக் குறைந்து இருதயம் பாதிக்கப்படக் கூடும். 5 நாட்களுக்கு மேல் மிகக் குறைவாக உண்டவருக்கு, முதல் 2 நாட்களில் தேவையில் பாதிக்கு மேற்படாமல் ஊட்டத் தொடங்க வேண்டுமென்று பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. இத்தகைய நிலையில் மருத்துவரைக் கேளாமல் ஊட்டலாகாது.

இருப்பைக் கணக்கிடும் முறை

ஓர் இல்லத்தில் 4 பேர் குழாய்வழி உண்பதாகவும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 டப்பா செலவாவதாகவும் கொள்வோம். தேவைப்பட்டியல் அனுப்பியபின் சரக்கு வந்துசேர 10 நாட்கள் ஆகும். வெள்ளம், பந்த், பண்டிகை விடுமுறை முதலிய தடைகளுக்காக 5 நாட்களுக்குரிய சேமக் கையிருப்பு வேண்டும். ஆக 15 நாட்களுக்கு 4 வீதம் 60 டப்பாக்கள். இருப்பு 60-ஐத் தொட்ட அன்றே அடுத்த பட்டியலை அனுப்பிவிட வேண்டும். புதிய நோயாளி ஒருவர் சேர்ந்தால் இவ்வெண் உடனே 75 ஆகும். பழைய எண்ணையே பதிவேட்டில் வைத்திருப்பதாலேயே பல இடங்களில் தட்டுப்பாடு நேர்கிறது.

முதலில் வந்ததை முதலில் கொடுப்பதைக் காட்டிலும், முதலில் காலாவதி ஆவதை முதலில் கொடுப்பதே சரியான விதி. ஆகையால் டப்பாவின் காலாவதித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி முன்புறம் தெரிய அடுக்க வேண்டும். மாவு கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. கலக்கிய ஆகாரம் அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. திறந்த திரவ ஆகாரப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட வேண்டும்.

ஆகாரம் இருந்தும் சிரிஞ்சு இல்லாமற் போனால் பயனில்லை. எனவே குழாய், ஊட்டும் சிரிஞ்சு, ஒட்டுப் பிளாஸ்திரி, அமில நிலையைக் காட்டும் தாள் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். குழாயின் பருமனைப் ‘பிரெஞ்சு’ என்னும் அளவில் குறிப்பர்; 3 பிரெஞ்சு 1 மில்லி மீட்டருக்குச் சமம். ஊட்டும் சாதனம் தவறுதலாக இரத்தக் குழாயில் இணைக்கப்பட்டு மரணம் விளைந்த சம்பவங்கள் உலகில் பல இடங்களில் நிகழ்ந்துள்ளன. இதைத் தடுக்கும் பொருட்டு, ஊசிமருந்துச் சாதனங்களோடு பொருந்தாத இணைப்பு வடிவம் 2016-ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக வெளியிடப்பட்டது. பழைய, புதிய வடிவங்கள் இரண்டும் சந்தையில் காணப்படுவதால், குழாயும் சிரிஞ்சும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை வாங்கும்பொழுதே சோதிக்க வேண்டும்.

ஊட்டுகையில் கவனிக்க வேண்டியவை

ஊட்டும் நேரத்திலும், அதன்பின் குறைந்தது அரை மணி நேரமும், நோயாளியின் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே குழாயில் இட்ட அடையாளம் நகர்ந்துள்ளதா என்று பார்த்து, உள்ளிருந்து இழுத்த திரவம் 5.5 அல்லது அதற்குக் குறைந்த பி.எச். அளவைக் காட்டுவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஊட்டுமுன்னும் பின்னும் சுமார் 30 மில்லி லிட்டர் சுத்தமான நீர் செலுத்தினால் குழாய் அடைபடாது. இருமலோ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி உதவி நாட வேண்டும்.

கேரள மாநிலம் 2008-ஆம் ஆண்டில் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. அங்கு உள்ளாட்சி மன்றங்களின் ஆதரவுடன் செவிலியர் வீடு தேடிச் சென்று படுத்த படுக்கையாய் இருப்போரைக் கவனிக்கின்றனர். பொருளும் பயிற்சியும் ஒரே கையால் வீட்டை அடைவது இத்தகைய ஏற்பாட்டின் சிறப்பாகும்.

எல்லா நோயாளிகளுக்கும் குழாய் நன்மை தரும் என்று எண்ணிவிடலாகாது. முற்றிய மறதி நோயில் குழாய்வழி ஊட்டுவதைக் காட்டிலும், பொறுமையுடன் கையால் சிறிது சிறிதாக ஊட்டுவதே மேல் என அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ஆம் ஆண்டில் கருத்துரைத்துள்ளது. இம்முடிவைக் குடும்பத்தாரும் மருத்துவரும் கலந்து பேசியே எடுக்க வேண்டும்.

கள ஊழியர் ஒரு வீட்டுக்குச் செல்லும்பொழுது, அலமாரியிலுள்ள டப்பாக்களை எண்ணி, நாட்களாகக் கணக்கிட்டு, அந்த எண்ணை வீட்டாரிடம் கூறுவது நன்று. ஆசிரியர்கள் மேலே காட்டிய கணக்கை உயர்வகுப்பு மாணவருக்குப் பயிற்சியாக அளிக்கலாம். தாத்தாவோ பாட்டியோ குழாய்வழி உண்ணும் வீட்டில், கணக்கறிந்த ஒரு சிறுவன் அல்லது சிறுமியே அந்தப் பதிவேட்டை நடத்தி வர இயலும்.