அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதியோர் நினைவு தடுமாறினால்...

"ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் மயக்கம் தெளிந்தது முதல் பாட்டி ஏதேதோ பேசுகிறார், பெற்ற மகனையே யார் என்று கேட்கிறார்" என்று கலங்கி நிற்கும் குடும்பங்கள் பல. மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்று பழிப்போர் சிலர். வயதானால் இப்படித்தான் என்று கைவிடுவோர் சிலர். காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று தாயத்துத் தேடுவோரும் உண்டு. இம்மூன்றும் தவறானவை. இத்தடுமாற்றம் உடலைச் சார்ந்த ஒரு நோய். பெரும்பாலும் தீரக்கூடியது; ஓரளவு தடுக்கவும் கூடியது.

முதியோருக்கான தனி மருத்துவம் சென்னைக்குப் புதிதன்று. 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் இத்துறைக்கு வித்திட்டார். இன்று சைதாப்பேட்டையில் வாழ்வோர் மறைமலையடிகள் பாலத்தைக் கடந்து, சின்னமலையைத் தாண்டிச் சென்றால், கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையை அடையலாம். ஆயினும், எந்த மருத்துவமனையிலும் இரவு பகலாகக் கட்டிலருகே இருப்பவர்கள் குடும்பத்தவரே. ஆகவே இதைப்பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியம்.

இருவகைத் தடுமாற்றம்

முதல் வகை, அறுவைக்குப் பின் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம். நம் முன்னோர் ஜன்னி கண்டு பிதற்றுதல் என்றதை மருத்துவர்கள் டெலிரியம் என்கின்றனர். இது காலையில் தெளிந்து, மாலையில் மீண்டும் கூடும். சிலர் குழாய்களைப் பிடுங்குவர். கட்டிலைவிட்டு இறங்க முயல்வர். சிலரோ ஓசையின்றிச் சோர்ந்து கிடப்பர். "அசதியில் தூங்குகிறார்" என்று நாம் விட்டுவிடுவதால், இந்த அமைதியான குழப்பமே பெரிதும் கவனிக்கப்படாமல் போகிறது.

இரண்டாம் வகை, வீடு திரும்பிய பின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் மறதி. பால் கணக்குத் தவறும். பேச்சு நடுவில் அறுந்துபோகும். மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்பது நினைவிராது.

ஆய்வுகள் கூறுவன

முதியோரின் இத்துன்பத்தை 1955-ல் ஆக்ஸ்போர்டு மருத்துவர் பெட்ஃபோர்டு, 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் எடுத்துரைத்தார். 1998-ல் அதே இதழில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், 60 வயது நிறைந்த 1218 பேர் பெரிய அறுவைக்குப்பின் சோதிக்கப்பட்டனர். ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கும், மூன்று மாதம் கழித்து ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கும் நினைவும் கவனமும் குன்றியிருந்தன. பெரும்பாலோர் காலப்போக்கில் தேறிவிடுகின்றனர் என்பதை இதனால் உணரலாம்.

முழு மயக்கத்திற்குப் பதில் முதுகில் ஊசி போட்டால் மூளை தப்பும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், இரு முறைகளிலும் குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவிலேயே கண்டது. ஆகவே எந்த முறை ஏற்றது என்பதை மயக்கவியல் மருத்துவரிடமே விட்டுவிடுவோம்.

குற்றம் மயக்க மருந்தை மட்டும் சார்ந்ததன்று. அறுவையால் உடலெங்கும் எழும் அழற்சி மூளையையும் தாக்குகிறது. அதனுடன் வலி, தூக்கமின்மை, நீர் வற்றுதல், நோய்த்தொற்று, சிறுநீர் அடைப்பு, இரத்தத்தில் சர்க்கரையோ உப்போ குறைதல், சில மாத்திரைகள் ஆகியன சேரும்போது முதிய மூளை தாங்காமல் தடுமாறுகிறது.

அறுவைக்கு முன்

உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விடலாகாது. தூக்க மாத்திரையை நாமாகத் திடீரென நிறுத்துவதும் கூடாது. முன்னரே மறதி இருந்தாலும், முன்பொரு முறை இவ்வாறு குழம்பியிருந்தாலும் கூறவேண்டும். குடிப்பழக்கம் இருப்பின் நாணத்தால் மறைத்தல் பெருந்தீங்கு. அதைத் திடீரென நிறுத்துவதாலும் கடுங்குழப்பம் உண்டாகும்.

முதல்நாள் மாலை முதலே தண்ணீரின்றி வாட்டுதல் தேவையில்லை. மருத்துவர் அனுமதித்தால், மயக்கத்திற்கு இரண்டு மணி நேரம் முன்வரை வெறும் தண்ணீர் அருந்தலாம். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின்

மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் ஆகியவற்றைப் பத்திரம் கருதி வீட்டில் பூட்டி வைத்துவிடுகிறோம். கண்ணும் காதும் மங்கிய நிலையில், அறிமுகமில்லா அறையில் விழிப்பவர் எப்படித் தெளிவார்? மருத்துவர் அனுமதித்தவுடன் அவற்றை அணிவியுங்கள். கண்ணில் படும்படி கடிகாரமும் நாட்காட்டியும் இருக்கட்டும். "இன்று செவ்வாய்க்கிழமை, இது ஆஸ்பத்திரி, நான் உங்கள் மகள்" என்று அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்; வாதாட வேண்டாம். பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டும் உறக்கமும் கிடைக்கட்டும். மருத்துவர் சொன்ன நாளில் எழுப்பி நடக்க வையுங்கள். தண்ணீரையும் உணவையும் கேட்டுக்கேட்டுக் கொடுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இவை அற்பமானவை என்று எண்ணற்க. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த 70 வயது கடந்த 852 நோயாளிகளிடம் இத்தகைய எளிய கவனிப்பைச் சோதித்த ஆய்வு 1999-ல் வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த குழப்பம், இக்கவனிப்பில் 10 பேருக்கே வந்தது.

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் மரியாயின் சேனையினரும் இதில் உதவலாம். கும்பலாகச் சூழாமல், ஒருவர் இருவராகச் சென்று, பெயர் சொல்லி அழைத்து, பங்கின் செய்திகளைப் பேசி, பழகிய செபமாலையைக் கையில் கொடுப்பது நன்று.

குழப்பம் திடீரெனத் தோன்றினாலோ, எழுப்பியும் எழாத சோர்வு கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். முகம் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் வலுவிழத்தல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். அவற்றில் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது.

வீடு திரும்பிய பின் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். தெளிவு முழுதும் திரும்பும்வரை பணப் பொறுப்பும் வண்டி ஓட்டுவதும் வேண்டாம். வீட்டுப் பத்திரத்திலோ உயிலிலோ கையெழுத்து வாங்க அவசரப்படுதல் அறமன்று. சில மாதங்களிலும் மறதி குறையாவிடில் முதியோர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். விளம்பரத்தில் வரும் ஞாபகசக்தி டானிக்குகளை நம்பிக் காலத்தைப் போக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் அஞ்சி, தேவையான அறுவையைத் தள்ளிப்போடுதலும் கூடாது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த முதியவருக்குத் தாமதமே பேராபத்து. துணிவுடன் சிகிச்சைக்கு உடன்படுவோம். மருத்துவமனைக்குப் புறப்படும் பையில் மாற்றுத்துணியோடு மூக்குக்கண்ணாடியையும் மருந்துப் பட்டியலையும் மறவாமல் எடுத்து வைப்போம்.