இல்லத்துச் சேமிப்புக் களஞ்சியம்

ஓலையில் எழுதியதைச் செல் அரிக்கும். வன்வட்டில் எழுதியது ஒரு கணத்திலே மறைதல் கூடும். ஆதலின், வீட்டுக் கணினிகள் யாவும் வலையமைப்பின் வழியாக அணுகத்தக்க சேமிப்புக் கருவியொன்றை அமைக்க விழைவோர் அதன் இயல்பினை முன்னரே அறிதல் நன்று.

இக்கருவி, பெரும்பாலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வட்டுக்களைக் கொண்டதொரு சிறு கணினியேயாம். இதனைக் கம்பி வழியாக றவுட்டருடன் இணைத்தல் சிறந்தது. பல வட்டுக்களை ஒன்றாக இயக்கும் முறையைப் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர் 1988 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் ‘றெயிட்’ என்னும் பெயரால் விளக்கினர். அதன் முதலாம் நிலையிலே ஒரே தரவு இரு வட்டுக்களிலும் எழுதப்படும். 4 டெராபைட் வட்டுக்கள் இரண்டு இருப்பினும் பயன்படும் இடம் 4 டெராபைட்டே. ஒன்று பழுதுறின் மற்றையது காக்கும்.

வட்டுத் தெரிவிலே கொள்ளளவு மட்டும் நோக்கற்பாலதன்று. சிலவற்றில் காந்தத் தடங்கள் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேலொன்று சிறிது படிந்திருக்கும். அவற்றில் ஒரு தடத்தைத் திருத்த அயல் தடங்களையும் மீள எழுதல் வேண்டும். எனவே, பழுதுற்ற வட்டுக்கு மாற்றாக இட்டு நிரப்புங்கால் பெரிதும் தாமதிக்கும். தடங்கள் தனித்தனியே அமைந்த வட்டுக்களே ஏற்றன.

எனினும், இரட்டை வட்டு காப்புப்படி ஆகாது. தவறுதலாக அழித்தது இரண்டிலும் அழியும். தீயும் இரண்டையும் ஒருங்கே உண்ணும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் அழிந்தமை நாம் மறத்தற்கரியது. ஆகவே, மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படியேனும் வேற்றிடத்தில் என்பதே கொள்ளத்தக்க முறை. அப்படிகள் திறந்து வாசிக்கத்தக்கனவா என இடையிடையே சோதித்தலும் நம் கடனாகும்.