எந்த எல்லைக்குள் புகையை எண்ணுவது?

நகரம் பெருத்தால் புகையும் பெருகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கே நோர்வேயில் சிலர் அதற்கு ஒரு வாலையும் ஒட்டுகிறார்கள்: நகரைப் பெருக்கியவர்கள் வெளிநாட்டுக்காரர், ஆகவே புகைக்கும் அவர்களே பொறுப்பு. 1990இல் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் வாழ்ந்த ஒஸ்லோவில் இன்று ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். இந்தப் பெருக்கத்தில் நாமும் அடக்கம். எனவே இந்த வாதத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை நமக்குண்டு.

தலைகளை எண்ணிக் காபனீரொட்சைட்டைக் கணக்கிட முடியாது. அந்தத் தலைகள் எங்கே உறங்குகின்றன, எதில் ஏறி வேலைக்குப் போகின்றன, குளிர்காலத்தில் வீட்டை எதனால் சூடாக்குகின்றன என்பனவற்றையும் கேட்கவேண்டும். ஒஸ்லோவைச் சூழ்ந்த காட்டில் வீடு கட்டுவதை 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. நகரம் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே வளரவேண்டியிருக்கிறது. நம்மவர் பலர் குடியிருக்கும் குரூருட் பள்ளத்தாக்கின் மாடிக் குடியிருப்புகளைப் பாருங்கள். எழுபதுகளில் எழுந்த ரொம்சோஸில் கார் வீதி வெளியே வளையமாக ஓடுகிறது. உள்ளே நடைபாதைகள்; 1974இல் பாறையைக் குடைந்து திறந்த சுரங்க ரயில் நிலையம். ஒரு வீட்டின் சுவர் மறுவீட்டுக்கும் சுவராவதால் வெளியேறும் வெப்பமும் குறைவு. 'கெற்றோ' என்று ஏளனம் செய்யப்படும் இந்த இடங்கள்தாம் புகைக்கணக்கில் நல்ல பிள்ளைகள். நம்மவர்களோ கையில் காசு சேர்ந்ததும் நகருக்கு வெளியே தனிவீடும் இரண்டு காரும் தேடிப் போகிறோம்.

தொழில்நுட்பத்துக்கு வருவோம். கட்டிடங்களை எண்ணெயால் சூடாக்குவது நோர்வேயில் 2020இலிருந்து தடை. மின்சாரத்தின் மிகப் பெரும் பகுதி நீர்மின்சாரம் என்பதால், இங்கே மின்சாரக் கார் உண்மையிலேயே புகையைக் குறைக்கிறது. 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 வீதம் முழு மின்சாரக் கார்கள். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இது எப்படிச் சாத்தியமாயிற்று? 2001 முதல் 25 வீத விற்பனை வரி இல்லை. நெடுங்காலம் சுங்க வளையத்தில் கட்டணம் இல்லை. பஸ் ஒழுங்கையிலும் ஓட முடிந்தது. ஐந்து இலட்சம் குரோணருக்கு மேற்பட்ட தொகைக்கு வரி வந்ததே 2023இல்தான். புதிய கார் வாங்க வசதி படைத்தவருக்கே இச்சலுகை கிடைத்தது. துப்புரவு வேலைக்காக விடியற்காலையில் சுரங்க ரயில் ஏறுபவர் முன்பும் அதிகம் புகைவிடவில்லை. அவருக்கு இதனால் சல்லிக்காசும் மிஞ்சவில்லை.

கிளெமெத்ஸ்ருட் கழிவெரிப்பு ஆலையின் கதை வேறு. நகரத்தின் குப்பையை எரித்து, அந்த வெப்பத்தைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். எரிவதில் பிளாஸ்ரிக்கும் உண்டு. ஒஸ்லோவில் ஒரே இடத்திலிருந்து வெளிவரும் புகையில் பெரியது இதுவே. அதன் காபனீரொட்சைட்டைப் பிடித்து வட கடலின் அடியில் புதைக்கும் திட்டம் செலவு மிகுந்ததால் 2023இல் நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் தொடங்கியது. நிறைவேறினால் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் தொன் பிடிபடும். நகரின் கணக்கில் இது பெரிய தொகைதான். குப்பையைக் குறைப்பதைப் பற்றி மட்டும் இவ்வளவு பணத்தோடு யாரும் பேசுவதில்லை.

எனக்குள்ள பெரிய கேள்வி கணக்கின் எல்லை பற்றியது. நகரசபை தன் எல்லைக்குள் எழும் புகையையே எண்ணுகிறது. ஒஸ்லோத் துறைமுகத்தைச் சுற்றி எழும் மாடிகளின் உருக்கும், வேறு நாட்டில் செய்த கார் பற்றரியும் அதில் வரா. நாட்டின் கணக்கும் அப்படியே. நோர்வே ஏற்றுமதி செய்யும் எண்ணெயும் எரிவாயுவும் பிறநாடுகளில் எரியும்போது எழும் புகை, நாட்டுக்குள் எழுவதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அது எரித்தவர் கணக்கில் எழுதப்படும். 2019இல் உற்பத்தி தொடங்கிய ஜொஹான் ஸ்வெர்டுருப் எண்ணெய் வயலுக்குக் கரையிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் போகிறது. எண்ணெய் எடுக்கும் இடத்தில் புகை குறைந்தது, நாட்டின் கணக்கும் அழகாயிற்று. எடுத்த எண்ணெய் கப்பலேறிப் போய் எரிகிறது.