அந்த ஆறு ரூபாய் எங்கே?

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்: நெல் நல்ல நெல்லென்று விளைவித்தவன் சொன்னால் போதாது, வெளியூர் வியாபாரி கடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வான்.

1964இல் இந்திய அரசும் தன் கல்வியை அப்படிக் காட்டியது. விஞ்ஞானி கோத்தாரி தலைமையில் 17 பேர் கொண்ட குழு. அவர்களில் ஐவர் பிரிட்டன், பிரான்சு, ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாட்டு அறிஞர்கள். யுனெஸ்கோ தன் அலுவலர் ஒருவரை இணைச் செயலாளராக அனுப்பியது. அணுகுண்டைக் காட்டி ஒருவரையொருவர் மிரட்டிய இரு வல்லரசுகளின் பிள்ளைகள், நம் பள்ளிக்கூடத்துக்காக ஒரே மேசையில்! வேடிக்கையல்ல, வியப்பு.

1966இல் அறிக்கை வந்தது. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 ரூபாயைக் கல்விக்குக் கொடுங்கள், 1985-86க்குள் அந்த அளவை எட்டுங்கள் என்றது. ஆலை முதலாளியின் மகனும் மூட்டை தூக்குபவரின் மகனும் அருகிலுள்ள ஒரே பள்ளியில் படிக்கட்டும் என்றது.

படித்தார்களா? மூட்டை தூக்குபவர் இன்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிறார். ஆறு ரூபாய் வந்ததா? 2020இன் கல்விக் கொள்கையும் அதே ஆறைத்தான் இலக்கென்று எழுதி வைத்தது! ஐந்து நாட்டார் வந்து சொன்னதை ஐம்பதாண்டு கழித்தும் ஏட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆலை வாசலுக்கு வந்தால், மாலையோடு இந்தக் கேள்வியையும் போடுங்கள்.