ஒரே கட்டியில் ஒரு விமானப் பாகம்

விமான இறக்கையின் உள்ளே விலா எலும்புபோல் வரிசையாக நிற்கும் தாங்கிகளில் பல, தடித்த அலுமினியப் பலகையைக் குடைந்து எடுக்கப்பட்டவை. சில பாகங்களில் பலகையின் எடையில் 10-ல் 9 பங்கு வரை சுருளாகவும் தூளாகவும் கழிந்துவிடும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பிகளுக்கு இந்த முறை புதிதல்ல. வாகை, மா போன்ற மரங்களின் ஒரே கட்டையில் சிலை வடிப்பது அவர்கள் மரபு; 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒட்டுப் போடாத சிலையில் பிரிவதற்கு மூட்டு இல்லை. விமானத்திலும் இணைப்புகளும் தறையாணிகளும் குறைந்தால் எடை குறைகிறது. விரிசல் விழும் இடங்களும் குறைகின்றன.

வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. உளி பட்டதும் மரம் இழை வாக்கில் பிளந்து விலகும். உலோகமோ வெட்டும் கருவியான டூலின் முனைக்கு முன்னால் நசுங்கி, சாய்வாக வழுக்கி, சுருளாக எழும். அதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. அந்த வெப்பம் எங்கே போகிறது என்று கவனிப்பதே கடைசல் தொழிலின் உயிர்நாடி. எஃகுச் சுருள் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறினால் சூடு ஏறிவிட்டது என்று பொருள்.

அலுமினியத்தில் சூட்டின் பெரும்பகுதி சுருளோடு வெளியேறிவிடும். விமானங்களில் பயன்படும் டைட்டானியக் கலவை அப்படி விடாது. அதன் வெப்பக் கடத்துதிறன் விமான அலுமினியத்தில் ஏறத்தாழ 20-ல் ஒரு பங்குதான். சூடு டூலின் நுனியிலேயே தங்கி அதை மழுக்கிவிடும். அதனால்தான் அலுமினியத்தை நிமிடத்துக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் வெட்டும் பட்டறை, டைட்டானியத்துக்கு 60 மீட்டர் அளவில் இறங்கி, குளிர்விக்கும் திரவமான கூலண்டை அழுத்தத்தோடு நுனியில் பீய்ச்சுகிறது. டைட்டானியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது; தீ மேலும் மூளும்.

வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள கணக்கை அமெரிக்கரான எஃப்.டபிள்யூ. டெய்லர் ஒரு சமன்பாடாக 1907-ல் வெளியிட்டார். கார்பைடு டூலுக்கு அந்தச் சமன்பாட்டின் அடுக்கு 0.25 என்று கொண்டால், வேகம் இரட்டிப்பாகும்போது ஆயுள் 16-ல் ஒரு பங்காகச் சுருங்கும். அவசரத்துக்கு இவ்வளவு விலை என்பது மாணவர் மனத்தில் முதலில் பதிய வேண்டும்.

குடைந்த பாகத்தில் மிஞ்சும் மெல்லிய சுவர்கள் இன்னொரு தொல்லை. டூல் அழுத்தும்போது சுவர் வளைந்து கொடுக்கும், டூல் போனதும் மீளும், அளவு பிசகிவிடும். இருபுறமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவதே வழி.

பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கு இந்தத் தொழில் எட்டாத தூரத்தில் இல்லை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. அங்கே போகிறவர்கள் பல கோணங்களில் வெட்டும் ஐந்து அச்சு இயந்திரத்தை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அரம் பிடிக்கவும் தெரிய வேண்டும். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு, வானில் விரிசலின் தொடக்கமாகலாம். இயந்திரம் எட்டாத மூலைகளில் அதை இன்றும் கையால்தான் நீவி எடுக்கிறார்கள்.