பனிக்குடத்தின் முதுமை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியெங்கும் குரங்குகள். தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும் குட்டி, அதே வயிற்றுக்குள் ஐந்தரை மாதம் இருந்து வந்தது. மேலே காபித் தோட்டங்களில் திரியும் காட்டெருமைக்குச் சினைக்காலம் ஒன்பது மாதம். அரிசி மூட்டையைக் கடிக்கும் சுண்டெலிக்கோ இருபதே நாள்.

பொதுவாக, நெடுநாள் சுமக்கும் இனம் நெடுநாள் வாழும். சுண்டெலிக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. 22 மாதம் சுமக்கும் யானை அறுபது, எழுபதைத் தொடுகிறது. உடல் பெருத்தால் இரண்டும் நீளும் என்று சொல்லி முடித்துவிடலாம், வவ்வால் மட்டும் இல்லையென்றால்.

அந்தி சாய்ந்ததும் கொய்யா மரத்துக்கு வரும் குட்டைமூக்குப் பழந்தின்னி வவ்வாலின் எடை சுமார் 50 கிராம். ஆனாலும் ஒரே குட்டியை நான்கு மாதம் சுமக்கிறது! சைபீரியாவில் 7 கிராம் எடையுள்ள பிராண்ட் வவ்வால் ஒன்று 41 ஆண்டு வாழ்ந்திருக்கிறது.

ஆகவே உடலின் அளவோடு செல்லுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. குரோமோசோமின் முனையில் டெலோமியர் என்ற உறை இருக்கிறது. பென்சில் சீவச் சீவக் குறைவதுபோல், செல் பிரியப் பிரிய அது தேயும். 2019-இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் பல விலங்குகளை ஒப்பிட்டார்கள். ஆயுளைச் சொன்னது டெலோமியரின் நீளம் அல்ல, அது தேயும் வேகம். மனிதரைவிட எலிக்கு ஏறத்தாழ நூறு மடங்கு வேகம். ஐரோப்பாவின் பெரிய எலிக்காது வவ்வாலிலோ வயது ஏறினாலும் டெலோமியர் தேய்வதாகத் தெரியவில்லை.

இந்தத் தேய்மானம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதுதான் வியப்பு. குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குடச் சவ்வும் மூப்படைகிறது. மாதம் நிறைய நிறைய அதன் டெலோமியர் குறுகி, செல்கள் பிரிவதை நிறுத்தி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிடுகின்றன. பிரசவ வலியைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞைகளில் இதுவும் ஒன்று என்று அமெரிக்காவின் கால்வெஸ்டன் ஆய்வுக்குழு கருதுகிறது. சுண்டெலியின் சவ்விலும் இதே மூப்பு காணப்பட்டது, சில நாட்களுக்குள் சுருங்கிய வடிவில்.

இந்த மூப்பை வெளியிலிருந்தும் தூண்ட முடியுமா? அதே குழுவினர், வலி வருமுன்பே அறுவை சிகிச்சையில் பிறந்த குழந்தைகளின் சவ்வை எடுத்து, ஆய்வகத்தில் சிகரெட் புகைச் சாற்றில் வைத்துப் பார்த்தார்கள். பிரசவ வேளையில் தெரியும் அதே முதுமை அந்தச் செல்களிலும் தெரிந்தது.